ரிப்பேர் வேலைக்கு லைட் வாங்கப் போறீங்களா? லுமென் நம்பரை கடைசியா பாருங்க

சொந்தமா பைக், கார்ல கைவெச்சு ரிப்பேர் பார்க்க ஆரம்பிக்கிறவங்க ஸ்பேனர் செட்டு, சாக்கெட் செட்டு, டார்க் ரெஞ்சுன்னு யோசிச்சு யோசிச்சு காசு போடுவாங்க, லைட்டுன்னு வரும்போது மட்டும் போன் டார்ச் இருக்குல்ல அது போதும்னு விட்டுருவாங்க. அந்த போனை பேட்டரி மேல சாய்ச்சு வெச்சா ரெண்டு நிமிஷத்துல வழுக்கி ரேடியேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவுல போய் உக்காந்துக்கும், அப்புறம் வண்டி ரிப்பேரை விட்டுட்டு போனை எடுக்கறதே தனி வேலையா போயிரும். சரி நல்ல லைட்டா ஒண்ணு வாங்கலாம்னு ஆன்லைன்ல தேடினா 10,000 லுமென், 50,000 லுமென்னு (லுமென்னா லைட் தர்ற மொத்த வெளிச்சத்தோட அளவு) கண்ட நம்பர் போட்டு 600 ரூபாய்க்கு விப்பான். இந்த ஏரியால புதுசா வர்றவங்களுக்கு தான் இது, கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ரிப்பேர் லைட்டுக்கு பவர் ரெண்டாம்பட்சம். நீங்க பார்க்கணும்னு நெனைக்கற இடத்துக்கு பக்கத்துல, கையை விட்டாலும் விழாம, கண்ணுல அடிக்காம அது நிக்குமா, இதுக்கு பதில் ஆமான்னா 300 லுமென் லைட் போதும், இல்லன்னா 3000 லுமென் இருந்தாலும் உங்க தலை நிழல் தான் வேலை மேல விழும்.

முதல் வேலை: கடைக்கு போகாதீங்க, உங்க வேலைய பாருங்க

வாங்கறதுக்கு முன்னாடி, நீங்க அடிக்கடி பார்க்கற வேலை என்ன, அதுல லைட் எங்க வெக்க வேண்டி வருதுன்னு ஒரு வாரம் கவனிங்க. வீட்டு போர்ட்டிகோல பைக் வேலைன்னா நீங்க ஒரு ஸ்டூல்லயோ தரையிலயோ உக்காந்திருப்பீங்க, லைட் தரையில நின்னு மேல பார்த்து அடிக்கணும், ஏன்னா பைக் என்ஜின் வெளிப்பக்கம் பெரும்பாலும் அலுமினியம், மேக்னெட் ஒட்டாது, பிரேம்லயும் ஸ்விங் ஆர்ம்லயும் தான் ஒட்டும், அதுவும் உருண்டை பைப்பா இருந்தா பிடிப்பு கம்மி. காருக்கு அடியில படுத்து பார்க்கறீங்கன்னா கதையே வேற, அங்க மூஞ்சிக்கும் சேசிசுக்கும் நடுவுல ஒரு முழம் கேப் இருந்தா பெரிய விஷயம், தடியா இருக்கற லைட் உள்ளயே போகாது, போனாலும் நேரா கண்ணுல அடிக்கும். பானெட்டை தூக்கி மேல இருந்து பார்க்கற வேலைன்னா மேல இருந்து தொங்குற லைட் வேணும். லாரி ஓட்டறவங்க, ரோட்டோரத்துல நின்னு பஞ்சர் பார்க்கறவங்கன்னா மழை, தூசி, ராத்திரி பூரா தாங்கணும், இப்படி ஒவ்வொண்ணுக்கும் தேவை வேற.

இதை எழுதி வெச்சீங்கன்னாலே எந்த மாடல்னு பாதி முடிவாயிரும்.

என்னென்ன வகை இருக்கு

ஹெட் லேம்ப், அதாவது தலையில மாட்டற லைட். முதல் லைட் எதுன்னு யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லுவேன். ரெண்டு கையும் ப்ரீ, தலை திரும்பற பக்கம் வெளிச்சம் திரும்பும், உங்க பார்வைக்கும் லைட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே கோணம்ங்கறதால நிழல் தொல்லை ரொம்ப கம்மி. ஆனா இதுல ஒரு குறை இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. கண்ணுக்கு நேர் கோணத்துல வர்ற வெளிச்சத்துல மேடுபள்ளம் தெரியாது. சிலிண்டர் ஹெட்ல முடி மாதிரி விரிசல், ஆயில் சீல்ல இருந்து லேசா கசியற ஈரம், டிங்கரிங் பண்ண இடத்துல சின்ன நெளிவு, இதெல்லாம் பார்க்கணும்னா லைட்டை மேற்பரப்புக்கு ஒட்டி சைடுல இருந்து சாய்ச்சு அடிக்கணும், அப்பத்தான் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். அதுக்கு கையில ஒரு லைட் வேணும். ஹெட் லேம்ப்ல இன்னொரு கூத்து, மழை விட்ட சாயங்காலம் வெளிய உக்காந்து வேலை பார்த்தா ஈசல் எல்லாம் நேரா மூஞ்சிக்கே வரும், அந்த நேரத்துல தள்ளி வெக்கற லைட் தான் சரி.

மடக்கற மேக்னெட் லைட் தான் ரெண்டாவதா வாங்க வேண்டியது. அடியில ஒரு மேக்னெட், பின்னாடி ஒரு கொக்கி, நடுவுல மடங்கற கீல், முன்னாடி பட்டையா மஞ்சள் கலர்ல சிஓபி எல்.ஈ.டி. சிஓபின்னா சின்ன சின்ன எல்.ஈ.டி சிப்பை எல்லாம் ஒரே போர்டுல நெருக்கி வெச்சு மேல பாஸ்பர்னு மஞ்சள் பூச்சு பூசியிருப்பாங்க, அதனால டார்ச் மாதிரி நடுவுல ஒரு புள்ளியா அடிக்காம பரவலா விழும், ரிப்பேருக்கு இது தான் தோது. மேல உச்சியில ஒரு சின்ன டார்ச்சும் சேர்ந்து வந்தா இன்னும் நல்லது.

பென் லைட் சின்னது தான், ஆனா அது இல்லாம சில வேலை நடக்காது. ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டில டேப்பட், அதாவது வால்வு இடைவெளி செட் பண்ணும்போது இடது பக்க கவர்ல ரெண்டு மூடி கழட்டுவீங்க, பெரிசு கிராங்க் திருப்ப, சின்னது டைமிங் பார்க்க. அந்த சின்ன ஓட்டைல ப்ளைவீல் மேல இருக்கற T மார்க் கவர்ல இருக்கற வெட்டுக்கு நேரா வருதான்னு பார்க்கணும். எவ்வளவு பெரிய லைட்டை பக்கத்துல வெச்சாலும் கவர் மேல தான் பளபளன்னு அடிக்கும், உள்ள கறுப்பா தான் இருக்கும். பென் லைட்டை ஓட்டை வாய்ல சாய்ச்சு பிடிச்சா மார்க் பட்டுன்னு தெரியும். ப்ளக் ஓட்டை வழியா பிஸ்டன் தலையில கார்பன் இருக்கான்னு பார்க்கறதுக்கும் இதே தான்.

பானெட் லைட்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு பக்கமும் இழுத்து கொக்கி மாட்டற நீளமான பார். தினமும் கார் வேலை பார்க்கற ஒர்க்‌ஷாப்புக்கு அருமை, வீட்டுக்கு வேண்டாம், வெக்க இடம் இருக்காது. ஸ்டாண்ட் வெச்ச பெரிய ப்ளட் லைட்டும் அப்படித்தான், இடம் முழுக்க வெளிச்சம் வரும், ஆனா நீங்க குனிஞ்ச உடனே உங்க முதுகு மறைச்சிரும்.

ஏற்கனவே பாஷ், மகிட்டா, டிவால்ட்னு ஏதாவது ஒரு கம்பெனி பேட்டரி டிரில் வெச்சிருக்கீங்கன்னா அதே பேட்டரில ஓடற லைட்டை பேட்டரி இல்லாம தனியா வாங்கலாம், காசு மிச்சம், பேட்டரி தீர்ந்தா மாத்திக்கலாம். வெயிட் தான் கொஞ்சம் ஜாஸ்தி. வண்டி பேட்டரில கிளிப் மாட்டற லைட் வாங்கறவங்க வோல்டேஜ் பார்த்து வாங்குங்க, கார் 12 வோல்ட், பெரிய லாரி பஸ்ஸெல்லாம் 24 வோல்ட், 12க்கு மட்டும் செஞ்சதை லாரில மாட்டினா போயிரும், 12-24னு ரெண்டும் போட்டிருக்கறதா எடுங்க, வயர்ல ப்யூஸ் இருக்கான்னும் பாருங்க.

குண்டு பல்பு ஹேண்ட் லேம்ப் பத்தி

கம்பிக்கூண்டுக்குள்ள 60 வாட்ஸ் குண்டு பல்பு, நீளமா வயர், இன்னும் பல பட்டறைல தொங்கிட்டு தான் இருக்கு. அதை தயவுசெஞ்சு விட்ருங்க. கண்ணாடி அப்படி கொதிக்கும், அதுமேல ஒரு சொட்டு தண்ணியோ பெட்ரோலோ பட்டா டப்புன்னு வெடிச்சு உள்ள இருக்கற இழை வெளிய வந்துரும், எரிஞ்சிட்டிருக்கும்போது அந்த இழை 2000 டிகிரி செல்சியசுக்கு மேல, பெட்ரோல் ஆவி பக்கத்துல இருந்தா அவ்வளவு தான். அதோட பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையிலயும், வண்டிக்கு அடியில நின்னு வேலை பார்க்கற பள்ளத்துக்குள்ளயும் தான் தேங்கும், நாம லேம்ப்பை கொண்டுபோய் வெக்கறதும் அங்க தான். தோல் உரிஞ்ச வயர்ல 230 வோல்ட், ஈரத்தரை, இரும்பு சேசிஸ் மேல சாஞ்ச முதுகு, ஷாக் அடிக்க இதுக்கு மேல என்ன வேணும்.

இங்க இன்னொண்ணும் சொல்லணும். எல்.ஈ.டி பேட்டரி லைட்டுன்னா பெட்ரோல் பக்கத்துல முழு சேஃப்னு நெனைக்காதீங்க, அதுலயும் சுவிட்ச் இருக்கு, பேட்டரி இருக்கு. பெட்ரோல் டேங்க் கழட்டற வேலைன்னா நல்லா காத்தோட்டமான இடத்துல, லைட்டை தள்ளி நின்னு ஆன் பண்ணிட்டு அப்புறம் கொண்டுவாங்க, அங்க வெச்சு ஆஃப் ஆன்னு விளையாடாதீங்க. டேங்கர் லாரிக்குள்ள இறங்கற வேலைக்கெல்லாம் பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பை பார்க்கற மத்திய அரசு அமைப்பு) அனுமதி வாங்கின ப்ளேம்ப்ரூஃப் லேம்ப் தான், சாதா லைட் கூடவே கூடாது, அது புதுசா வர்றவங்க தொட வேண்டிய வேலையும் இல்ல.

இப்ப லுமென் கணக்கு

லுமென்ங்கறது லைட்டுல இருந்து மொத்தமா வெளிய வர்ற வெளிச்சம். வேலை மேல எவ்வளவு விழுதுங்கறது லக்ஸ், ஒரு சதுர மீட்டர் மேல ஒரு லுமென் விழுந்தா ஒரு லக்ஸ். பரவலா அடிக்கற 300 லுமென் லைட்டை ஒரு மீட்டர் தள்ளி வெச்சா நேர் எதிர்ல சுமார் 100 லக்ஸ் விழும், அரை மீட்டருக்கு கொண்டுவந்தா 400, ஒரு அடிக்கு கொண்டுவந்தா 1000. தூரம் பாதியானா வெளிச்சம் நாலு மடங்கு, இது தான் சூத்திரம். நுணுக்கமான வேலைக்கு 500ல இருந்து 1000 லக்ஸ் இருந்தா தாராளம். அப்ப 300 லுமென்னே பக்கத்துல வெச்சா போதுமா இல்லியா? பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பே சுமார் 700 லுமென் தான், அதுல தான் ஒரு தலைமுறையே என்ஜின் பிரிச்சு மாட்டுச்சு.

ஜாஸ்தி லுமென்ல ஒரு கெடுதலும் இருக்கு. பளபளப்பான அலுமினிய கவர், குரோம் சைலன்சர் மேல பட்டு திரும்பி கண்ணை கூசும், கண்ணு சுருங்கிரும், அப்புறம் பக்கத்துல நிழல்ல இருக்கற போல்ட் தெரியாது. அதனால குறைக்கற வசதி கண்டிப்பா இருக்கணும், 100ல இருந்து 500 வரைக்கும் கூட்டி குறைக்க முடிஞ்சா வீட்டு வேலைக்கு அமோகம்.

நம்பர் பொய்யா உண்மையான்னு கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கு, கத்துக்கோங்க. இந்த லைட்ல எல்லாம் பெரும்பாலும் 18650னு ஒரு செல் இருக்கும், 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல கம்பெனி செல்லே 3500 எம்.ஏ.ஹெச் (செல்லோட கொள்ளளவு) சுத்துல தான் வரும். அது மேல 9900 எம்.ஏ.ஹெச்னு போட்டிருந்தா அச்சடிச்சவன் இஷ்டம், உள்ள ஒண்ணும் இருக்காது. 3500 எம்.ஏ.ஹெச்சை 3.6 வோல்ட்டால பெருக்குனா 12.6 வாட் அவர். எல்.ஈ.டி ஒரு வாட்டுக்கு 100 லுமென் தருதுன்னு வெச்சா 1000 லுமென்னுக்கு 10 வாட் வேணும், அப்ப ஒண்ணேகால் மணி நேரம் தான் ஓடும். ஒத்த செல்லை வெச்சுக்கிட்டு 10,000 லுமென், 10 மணி நேரம்னு பாக்ஸ்ல போட்டிருந்தா சிரிச்சிட்டு அடுத்த கடைக்கு போங்க.

நல்ல கம்பெனி போடற நேரத்தையும் கொஞ்சம் விவரமா படிக்கணும். டார்ச், ஹெட் லேம்ப்புக்கெல்லாம் ஆன்சி எப்.எல்.1னு ஒரு அமெரிக்க ஸ்டாண்டர்ட் இருக்கு, அது படி ஆரம்ப வெளிச்சம் 10 சதவீதத்துக்கு இறங்கற வரைக்கும் ஓடற நேரத்தை தான் ரன்டைம்னு சொல்றாங்க. அஞ்சு மணி நேரம்னு போட்டிருந்தா அஞ்சு மணி நேரமும் ஒரே மாதிரி எரியும்னு அர்த்தம் இல்ல. சூடு ஏற ஏற லைட் தானாவே குறைச்சுக்கறதும் உண்டு, அது எல்.ஈ.டியை காப்பாத்தறதுக்கு, அதுல தப்பில்ல, ஆனா முழுக்க பிளாஸ்டிக் பாடியா இருந்தா சூடு வெளிய போக வழியில்லாம சீக்கிரமே குறைச்சிரும்.

கலர் தெரியணும், இது தான் நிறைய பேர் விடற விஷயம்

எலி கடிச்ச வயரிங்கை ஒரு தடவை உக்காந்து ஒட்டிப் பாருங்க, அப்பத்தான் இது உறைக்கும். சிவப்பு, பிரவுன், ஆரஞ்சு மூணும் பக்கத்து பக்கத்துல, மேல தூசி கிரீஸ் வேற, மட்டமான நீல வெளிச்சத்துல சிவப்பும் பிரவுனும் ஒண்ணு போலவே தெரியும், மெல்லிசா ஓடற மஞ்சள் கோடு வெள்ளைக் கோடு மாதிரி இருக்கும். மாத்தி முறுக்கினா ப்யூஸ் போகும். அதே மாதிரி கீழ சொட்டறது என்ன ஆயில்னு பார்க்கணும், கியர் பாக்ஸ் ஆயிலா, கூலண்ட்டா, என்ஜின் ஆயிலான்னு கலரை வெச்சு தான் முதல் சந்தேகமே வரும்.

ஒரு லைட்ல கலர் எவ்வளவு உள்ளபடி தெரியும்னு சொல்ல சி.ஆர்.ஐன்னு ஒரு நம்பர், அதிகபட்சம் 100. மலிவு எல்.ஈ.டி எல்லாம் 70, 80ல இருக்கும், 90க்கு மேல இருந்தா வாங்குங்க. வெளிச்சம் மஞ்சள் பக்கமா நீலம் பக்கமான்னு சொல்ற கலர் டெம்பரேச்சர் 4000ல இருந்து 5000 கெல்வின் வரைக்கும் இருந்தா கண்ணுக்கு இதம், 6500 கெல்வின் நீலம் பாஞ்சு ரொம்ப நேரம் பார்த்தா அலுப்பு தட்டும். பாக்ஸ்ல சி.ஆர்.ஐ போடவே இல்லன்னா பெரும்பாலும் அது சொல்லிக்கற மாதிரி இல்லன்னு எடுத்துக்கோங்க. கடையில சோதிக்க உள்ளங்கைய லைட்டுக்கு நேரா காட்டுங்க, கைக்குரிய செந்நிறம் வந்தா சரி, வெளுத்து ரத்தமே இல்லாத மாதிரி தெரிஞ்சா சிவப்பு பத்தலன்னு அர்த்தம். பாக்கெட்ல நாலு கலர் வயர் துண்டு போட்டுக்கிட்டு போனீங்கன்னா இன்னும் நல்லது, கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துட்டு போறார்.

கடையில கையில வாங்கி என்ன பண்ணணும்

முடிஞ்ச வரைக்கும் நேர்ல போய் வாங்குங்க. சென்னைல இருக்கறவங்களுக்கு ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க, மத்த ஊர்ல டூல்ஸ் கடை எங்க இருந்தாலும் சரி. கையில எடுத்த உடனே கடை ஷட்டர்லயோ இரும்பு ரேக்லயோ மேக்னெட்டை ஒட்டி, லைட்டை முழுசா மடக்கி விரிச்சு, ரேக்கை ரெண்டு தட்டு தட்டுங்க. கொஞ்சம் கொஞ்சமா சறுக்கி கீழ வந்துச்சுன்னா சேசிஸ்ல வெச்சா உங்க மூஞ்சி மேல தான் விழும். கீலை பத்து பதினஞ்சு தடவை ஆட்டுங்க, இப்பவே லொடலொடன்னா ஆறு மாசம் கூட தாங்காது.

அடுத்து போன் கேமராவை திறந்து லைட்டை பாருங்க, குறைச்ச வெளிச்சத்துலயும் பாருங்க. ஸ்கிரீன்ல கறுப்பு கறுப்பா கோடு ஓடினா லைட் வேகமா அணைஞ்சு அணைஞ்சு எரியுதுன்னு அர்த்தம். கண்ணு வலிக்கறது ஒரு பக்கம், சுத்தற பேன் பெல்ட், புல்லி எல்லாம் இந்த மாதிரி வெளிச்சத்துல சில வேகத்துல நிக்கற மாதிரியே தெரியலாம், கையை விட்டா விரல் போயிரும். என்ஜின் ஓடிட்டிருக்கும்போது பார்க்கற ஆளுங்க இதை சும்மா எடுத்துக்காதீங்க.

சுவிட்சை கிரீஸ் கையோட, கிளவுஸ் போட்டுட்டு அமுக்க முடியுதா பாருங்க. ஆஃப் பண்ண அஞ்சு மோடு தாண்டணும், நடுவுல போலீஸ் வண்டி மாதிரி சிமிட்டும்னா அதை வெச்சுட்டு வந்துருங்க. கையை ஆட்டினா ஆன் ஆகும்னு சென்சார் வெச்சு விப்பாங்க, ஹெட் லேம்ப்ல குறிப்பா, நீங்க ஸ்பேனரை தூக்கற நேரம் பார்த்து அது அணைஞ்சு தொலைக்கும்.

சார்ஜ் போர்ட் யூ.எஸ்.பி சி-யா இருக்கணும். அதுலயும் ஒரு சூட்சுமம், சில மலிவு லைட்டுல சி போர்ட் வெச்சிருப்பான், ஆனா ரெண்டு பக்கமும் சி இருக்கற கேபிள்ல சார்ஜ் ஏறாது, பழைய தட்டை யூ.எஸ்.பி கேபிள்ல தான் ஏறும், ஒரு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடிச்சதோட பலன். ரப்பர் மூடி கெட்டியா மூடுதான்னு பாருங்க. செல்லை கழட்டி மாத்தற மாதிரி மாடல் கிடைச்சா ரெண்டு வருஷம் கழிச்சு லைட்டையே தூக்கி போட வேண்டியதில்ல. செல் மேல ஐ.எஸ். 16046னு பி.ஐ.எஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) குறி இருந்தா கொஞ்சம் நம்பலாம்.

தூசி, தண்ணி எவ்வளவு தாங்கும்னு சொல்றது ஐ.பி. நம்பர், அதுல முதல் இலக்கம் தூசி, ரெண்டாவது தண்ணி. வீட்டுக்கு ஐ.பி. 54 போதும், சாரல் தாங்கும். வாட்டர் வாஷ் பண்ற இடம், ரோட்டோர வேலைன்னா ஐ.பி. 65, அது தூசி உள்ள போகவே போகாது, பீச்சி அடிக்கற தண்ணியும் தாங்கும். விழுந்தா தாங்குமான்னு பார்க்க ஐ.கே நம்பர், ஐ.கே. 07ன்னா ரெண்டு ஜூல் அடி, 08ன்னா அஞ்சு ஜூல். ஏ.சி கேஸ் லீக் பார்க்கற யூவி லைட் சேர்ந்து வருதுன்னு எல்லாம் கூட காசு குடுக்காதீங்க, அந்த வேலை பார்க்கறவங்க தனியா வாங்கிக்கலாம்.

எதை எப்ப வாங்கறது

கையில கொஞ்சம் தான் காசுன்னா 200, 300 லுமென் ஹெட் லேம்ப் ஒண்ணு மட்டும். அடுத்த மாசம் மடக்கற மேக்னெட் லைட். அதுக்கப்புறம் பென் லைட். பெருசா ஒண்ணு வாங்கறதை விட நடுத்தரமா ரெண்டு வாங்குங்க, ரெண்டு பக்கத்துல இருந்து வெச்சா ஒண்ணோட நிழலை இன்னொண்ணு அழிச்சிரும், இதுக்கு ஈடா எந்த விலை உயர்ந்த லைட்டும் கிடையாது. பிலிப்ஸ், ஓஸ்ராம் மாதிரி கம்பெனிங்க மெக்கானிக்குக்குன்னே லைட் போடறாங்க, டென்மார்க் ஸ்கேன்கிரிப் எல்லாம் தொழிலா பண்றவங்களுக்கு, வீட்டுக்கு அந்த விலை தேவையில்ல.

வாங்கினதுக்கு அப்புறம்

மேக்னெட்ல இரும்புத்தூள் கண்டிப்பா ஒட்டும், அதோட அப்படியே கஸ்டமர் கார் பானெட் மேல வெச்சா பெயிண்ட்ல கோடு விழுந்து வாங்கிக் கட்டிக்க வேண்டியது தான், ஒரு டேப்பை ஒட்டி எடுத்தா தூள் வந்துரும், பெயிண்ட் மேல வெக்கும்போது நடுவுல துணி போடுங்க. முன்னாடி இருக்கற பிளாஸ்டிக்கை பெட்ரோல், தின்னர், பிரேக் கிளீனர் போட்டு துடைக்காதீங்க, மங்கிரும், சோப்பு தண்ணி நனைச்ச துணி போதும். சித்திரை வெயில்ல பூட்டின காருக்குள்ள டேஷ்போர்ட் மேல விட்டுட்டு போகாதீங்க. ரொம்ப நாள் தொடப்போறதில்லன்னா பாதி சார்ஜ்ல வெச்சுட்டு ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏத்துங்க. சார்ஜ் போட்டுட்டு தூங்கப் போறது வேண்டாம், அதுவும் ஆயில் துணி, பெட்ரோல் டப்பா இருக்கற ரூம்ல. பாடி உப்பலா தெரிஞ்சாலோ, சார்ஜ்ல தொட முடியாத சூடு வந்தாலோ உடனே கழட்டி வெளிய வெட்ட வெளில வெச்சுருங்க, குத்தி பார்க்காதீங்க, குப்பையில போடாம இ-வேஸ்ட் வாங்கற இடத்துல குடுத்துருங்க.